எல்லையம்மாள் வீட்டுத் தேக்கு

தர்ஷினிக்கு மரங்களின் மேல் பெரிய பிரியமெல்லாம் இருந்ததில்லை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டை ஒட்டிய குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா ராஜசேகர் கேட்கீப்பர். ரயிலுக்கு என்ஜின் மாற்றி முடிக்கும்வரை கேட் சாத்தியே கிடக்கும். இரண்டு பக்கமும் பஸ்களும் நெல் லாரிகளும் வரிசை கட்டி நிற்கும். அவற்றில் இருப்பவர்கள் அப்பாவைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் பாடம் படித்தாள். தாத்தா தலைமுறைவரை பண்ணையில் கூலிக்கு நாற்றுப் பறித்த குடும்பம். அதில் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போன முதல் ஆள் அவள். இடம் கிடைத்த அன்று அப்பா, கேட்டில் நின்ற பஸ்களில் ஏறி முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். திட்டிக்கொண்டிருந்தவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

படித்தது இயற்பியல். அவளை மரத்தின் பக்கம் திருப்பியவர் வழிகாட்டிப் பேராசிரியர் தியாகேசன். ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வல்லரசுகள் அணுகுண்டுகளைத் திறந்தவெளியில் வெடித்துப் பார்த்தன. அதில் உண்டான கதிரியக்கக் கார்பன் காற்றில் கலந்து உலகமெல்லாம் பரவியது. மரங்கள் அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுத்தன. தேக்கு, ஆண்டுக்கு ஒரு வளையம் போடும் மரம். ஒவ்வொரு வளையத்திலும் அந்த ஆண்டுக் காற்றின் கார்பன் தங்கிவிடும். குண்டு வெடித்த காலத்து வளையங்களில் அது மளமளவென்று ஏறும், அறுபத்து நான்கு அறுபத்தைந்து வாக்கில் உச்சம் தொடும், அப்புறம் மெல்ல இறங்கும்.

"நம்ம டெல்டாப் பக்கம் அது எந்த வருஷம் உச்சத்துக்கு வந்துச்சுன்னு நீ பாரும்மா" என்றார் தியாகேசன். "அந்த ஒரு வளையம் கிடைச்சுட்டா போதும். ஆணி அடிச்ச மாதிரி. அதை வச்சு மத்த வருஷங்களை எண்ணிடலாம். தண்ணி வராத வருஷத்துல மரம் வளையம் போடாம ஏமாத்தியிருந்தாக்கூடத் தெரிஞ்சுடும்."

அந்தக் காலத்திலேயே நின்று வளர்ந்த மரம் வேண்டும். ஆற்றங்கரைத் தேக்குகளில் பழையவற்றை வெட்டிவிட்டுப் புதிதாக வைத்திருந்தார்கள். தர்ஷினி ஸ்கூட்டியில் ஒரு வருடம்போல அலைந்தாள். கேட்ட இடத்தில் எல்லாம் "அது போன வருஷம்தாம்மா வித்தோம்" என்ற பதிலே கிடைத்தது. கடைசியில் முத்துப்பேட்டைக்கு வடக்கே, பாமணி ஆற்றோரத்து ஊர் ஒன்றில், கலியபெருமாள் என்பவர் வீட்டுக் கொல்லையில் ஒற்றைத் தேக்கு நிற்பதைப் பார்த்தாள். ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத மரம். வாய்க்கால் கரையில் தேக்கங்கன்று நடும் வேலைக்குப் போன கலியபெருமாளின் அப்பா, மிஞ்சிய கன்று ஒன்றைக் கொண்டுவந்து கொல்லையில் வைத்தாராம். நாடு சுதந்திரம் அடைந்து சில ஆண்டுகளுக்குள் நடந்தது அது. தர்ஷினி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதைவிடப் பொருத்தமான மரம் அந்தப் பக்கத்திலேயே அமையாது.

கலியபெருமாளுக்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் இருந்தது. மனைவி எல்லையம்மாள் அந்த ஊர் நடவு ஆட்களுக்கெல்லாம் கொத்து, அவர்களை நடத்துபவள். எந்த வயலில் எத்தனை பேர், யார் வரப்போரம், யார் நடுவில் என்று அவள் சொன்னால் மறுபேச்சு இருக்காது. மகன் மணிவண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். முதல் நாள் "மேடம்" என்று நாற்காலி எடுத்துப் போட்டார்கள். தர்ஷினியின் அம்மா பிறந்தது அடுத்த ஊர்தான் என்று தெரிந்ததும் நாற்காலி உள்ளே போய்விட்டது. அவள் "அத்தை, மாமா" என்றாள். அவர்கள் "பாப்பா" என்றார்கள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆவணியில் ஒரு நாள் துளைக்கப் போனாள். கருவி என்பது உள்ளே குழாய்போல ஓட்டை உள்ள திருகாணி. கைப்பிடியைப் பிடித்துத் திருகித் திருகி மரத்துக்குள் இறக்கினால், பட்டையிலிருந்து நடுமரம்வரை பென்சில் கனத்தில் ஒரு குச்சி வெளியே வரும். அதில் வளையங்கள் கோடுகோடாகத் தெரியும். மரத்துக்கு அதனால் பெரிய கேடு இல்லை. துளையை மெழுகு வைத்து அடைத்துவிடுவார்கள்.

முதலில் தெருப்பக்கமாகத் திருகினாள். தேக்கின் வைரம் பாய்ந்த உள்கட்டை லேசில் வழிவிடாது. வியர்த்துக் கொட்டியது. எல்லையம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எங்கயோ கடலுக்கு அந்தாண்ட வெடிச்சது இந்த மரத்துக்குள்ள எப்புடிப் பாப்பா வந்துச்சு?"

"காத்துல வந்துச்சு அத்தை. காத்து ஒரே எடத்துல நிக்காதுல்ல."

"அப்ப நெல்லுக்குள்ளயும் வந்துருக்கும்."

"வந்துருக்கும். ஆனா அந்த வருஷத்து நெல்ல அந்த வருஷமே சாப்ட்டாச்சே. மரம்தான் இன்னும் வச்சுருக்கு."

"சாப்ட்டவங்களுக்குள்ள?"

"நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

"வருஷம்லாம் யாருக்குத் தெரியும். தனுஷ்கோடிய கடல் கொண்டு போச்சே, அப்ப நான் கைப்புள்ளையாம்."

"அப்ப உங்க பல்லுல இருக்கும் அத்தை. பயப்படாதீங்க, ரொம்பக் கொஞ்சம். ஒண்ணும் செய்யாது."

எல்லையம்மாள் நாக்கால் பல்லைத் துழாவிப் பார்த்தாள். "வெடிச்சவன் ஒரு வார்த்த கேட்டுட்டு வெடிச்சுருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனாள்.

தெருப்பக்கத்துக் குச்சி முழுசாக வந்தது. ஒரு கீறல் இல்லை. முறைப்படி எதிர்ப்பக்கமும் எடுக்க வேண்டும் என்பதால் வீட்டுப் பக்கமாகப் போய்த் திருகினாள். கையகலம் இறங்கியதும் கருவி திடீரென்று லேசானது. எதிர்ப்பே இல்லாமல் சுற்றியது. வெளியே எடுத்தபோது முதல் பாதி மட்டும் குச்சியாக வந்தது. மிச்சம் காப்பித்தூள்போல ஈரமான பழுப்புத் தூள். அது என்னவென்று தர்ஷினிக்கு நன்றாகத் தெரியும். உள்ளே மரம் உளுத்துச் சூத்தையாகியிருக்கிறது. வெளியே பட்டை பளபளவென்று இருக்க, வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கும் மரம் அந்தப் பக்கத்தில்தான் காலியாக இருக்கிறது. அதன் கீழே மாட்டுக் கொட்டகை.

குழாயை வாயால் ஊதித் துடைத்தாள். தூள் புல்லில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துக் கலியபெருமாள் வயலிலிருந்து வந்தார்.

"என்ன பாப்பா, மரம் உள்ள எப்புடி இருக்கு? கொட்டகைப் பக்கம் சாஞ்சுக்கிட்டே வருது. மழைக்கு முன்னாடி வெட்டிப்புடலாமான்னு ஒரு யோசன. மன்னார்குடி வியாபாரி ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான்."

தர்ஷினி மனசுக்குள் நாட்களை எண்ணினாள். அடுத்த வாரமே அவள் கார்பன் அளக்கும் முறையைப் பழக வடநாட்டு ஆய்வகம் ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. மார்கழிவரை திரும்ப முடியாது. குச்சியில் கிடைக்கும் மரம் போதாது. ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியாகச் சீவிச் சோதிக்க, மரத்தைக் குறுக்கே அறுத்த முழு வட்டு ஒன்று வேண்டும். எந்த இடத்தில் அறுப்பது என்று அவளே பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். வியாபாரி வந்தால் ஒரே நாளில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

"நல்லாதான் இருக்கு மாமா. இப்ப வெட்ட வேணாம். தை மாசம் நானே வந்து நிக்கிறேன். எனக்கு ஒரு வட்டு மட்டும் குடுத்துட்டு மிச்சத்த வித்துக்குங்க."

"நீ சொன்னா சரி" என்றார் அவர்.

அவ்வளவுதான் நடந்தது. மெழுகை உருட்டித் துளையை அடைத்துவிட்டு, எல்லையம்மாள் கட்டிக்கொடுத்த முருங்கைக் கீரையோடு ஸ்கூட்டியில் ஏறினாள். வழியில் அவளுக்கு உறுத்தாமல் இல்லை. எத்தனையோ ஆண்டுகளாகச் சூத்தையோடு நின்ற மரம் இன்னும் நாலைந்து மாதம் நிற்காதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வடக்கே போன பிறகு, ஐப்பசி மழை தொடங்கிவிட்டது என்று அம்மா போனில் சொன்ன அன்று, கலியபெருமாளின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னவென்று சொல்வது? அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்? போனைக் கீழே வைத்துவிட்டாள்.

ஐப்பசி கடைசியில் கஜா புயல் வந்தது.

அவளுக்கு மூன்று நாள் வீட்டோடு பேச முடியவில்லை. டவர்கள் சாய்ந்து கிடந்தன. ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஊரே அடையாளம் தெரியவில்லை. தென்னந்தோப்புகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. மின்கம்பங்கள் வயலில் கிடந்தன. ஜெனரேட்டரை ட்ராக்டரில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மாதான் சொன்னாள்: எல்லையம்மாள் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள்.

தெருவில் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கியபோது, கன்று ஈனும் நிலையில் இருந்த மாட்டை விட்டுவிட்டு வர எல்லையம்மாளுக்கு மனமில்லை. வீட்டிலேயே இருந்தவள், விடிவதற்கு முன் கொட்டகைக்கு வந்து பார்த்திருக்கிறாள். தேக்கு முறிந்து விழுந்தது. மாடு செத்துப்போனது. எல்லையம்மாளின் வலது கால் மரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால், கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்து, பிறகு ட்ராக்டரில் ஏற்றி, ஆஸ்பத்திரி சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தர்ஷினி வார்டுக்குப் போனபோது எல்லையம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்த கலியபெருமாள் எழுந்து உட்கார்ந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவள் வாய் திறப்பதற்கு முன் அவரே பேசினார்.

"மரம் விழுந்துருச்சு பாப்பா. வியாபாரி இங்கயே தேடிக்கிட்டு வந்துட்டான். நான் குடுக்கல. ஒனக்கு வட்டு வேணும்னு சொன்னியே. அந்தப் புள்ள வந்து வட்டு எடுத்துக்கிட்டாதான் மரத்தக் குடுப்பேன்னு, ஊருக்கு வந்துருக்குற மணிவண்ணன்கிட்டயும் சொல்லி வச்சுருக்கேன்."

அங்கே வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை அடுக்கிக்கூட வைத்திருந்தாள். ஆனால் அவர் அப்படிச் சொன்ன பிறகு அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை. "அதெல்லாம் இப்ப எதுக்கு மாமா" என்று மட்டும் சொன்னாள். கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவர் தனக்காக மரத்தைக் காவல் காக்கிறார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. வட்டு பத்திரமாக இருக்கிறது என்று கேட்ட கணத்தில் மனசின் ஒரு மூலையில் அப்பாடா என்றிருந்தது. அதை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கார்த்திகை நடுவில் வட்டு அறுக்கப் போனாள். புயலுக்குப் பிறகு ஊர் ஊராக மெஷின் ரம்பத்தோடு திரிந்த ஆட்களில் ஒருவரான காத்தான் வந்திருந்தார். மரம் ஆள் உயரத்தில் முறிந்திருந்தது. முறிவுக்குக் கொஞ்சம் கீழே, நின்ற அடிமரத்தில் அறுக்கச் சொன்னாள். ரம்பம் புகையைக் கக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. வட்டு தரையில் விழுந்து புரண்டது.

"பாருங்க, தெருப்பக்கம் நல்ல வைரம். இந்தப் பக்கம் சூத்தை" என்றார் காத்தான். "இது நேத்து வந்ததில்ல. பல வருஷமா அரிச்சுருக்கு."

கலியபெருமாள் குனிந்து பார்த்தார். வட்டில் வீட்டுப் பக்கமாகப் பானை வாய் அளவுக்குப் பொந்து. பட்டையிலிருந்து அந்தப் பொந்துவரைக்கும் அரையாகப் பிளந்த குழாய்போல, நேராக, ஒரு பள்ளம் ஓடியது. வெளிமுனையில் மெழுகு இருந்தது. ரம்பம் அவள் போட்ட துளையின் மேலேயே இறங்கியிருந்தது.

அவர் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்து மெழுகிலிருந்து பொந்துவரை இழுத்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"அன்னைக்கே தெரியுமா?"

தர்ஷினி தலை குனிந்தாள். "தெரியும் மாமா."

"நான் கேட்டேனே."

"கேட்டீங்க."

காத்தான் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கலியபெருமாள் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அவர் கத்துவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று அவள் நின்றாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"எடுத்துக்கிட்டுப் போங்க மேடம்" என்றார். வீட்டுக்குள் போய்விட்டார்.

அவள் எடுத்துக்கொண்டுதான் போனாள். காத்தானே தூக்கி ஆட்டோவில் வைத்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போயிருந்தால் அந்தக் கால் திரும்ப வந்துவிடாது, ஆனால் கொஞ்சம் மனுஷத்தன்மையாவது மிஞ்சியிருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்தாள். அன்றைக்கு ஆட்டோவில் அவள் கை, வட்டு உருண்டுவிடாமல் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

தியாகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார். "அந்தக் காத்துல வைரம் பாஞ்ச மரமே ஆயிரக்கணக்குல விழுந்துச்சும்மா. நீ சொல்லியிருந்தாலும் விழுந்துதான் இருக்கும்" என்றார். அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். "சொல்லியிருந்தா வெட்டியிருப்பாரு சார். விழுறதுக்கு மரமே இருந்திருக்காது" என்றாள் தர்ஷினி. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

வட்டு நல்ல பலன் கொடுத்தது. தெருப்பக்கத்து வளையங்களைச் சீவிச் சோதித்ததில் கார்பன் ஐம்பதுகளின் நடுவில் ஏறத் தொடங்கி, எதிர்பார்த்த இடத்தில் உச்சம் தொட்டு, ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. தண்ணீர் வராத இரண்டு வறட்சி ஆண்டுகளில் மரம் வளையமே போடவில்லை என்பதும் தெரிந்தது. தேர்வுக் குழுவில் வந்தவர்கள் பாராட்டினார்கள். பட்டம் கிடைத்தது. ராஜசேகர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தாலும் கேட்டுக்குப் போய் மறுபடி மிட்டாய் கொடுத்தார். தர்ஷினி உடன் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். தன் மகள் ஏன் சிரிக்கவே மாட்டேன் என்கிறாள் என்று அவர் மனைவியிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது.

அதற்கு முன்பே, புயலுக்கு அடுத்த கோடையில், துணிந்து எல்லையம்மாளைப் பார்க்கப் போனாள். கலியபெருமாள் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தார். எல்லையம்மாள் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நடவு ஆட்களுக்கு இப்போது வேறொருத்தி கொத்து.

தர்ஷினி கீழே உட்கார்ந்தாள். "அத்தை" என்று தொடங்கினாள்.

"மன்னிப்புன்னு எதையும் கேக்காத பாப்பா. கேட்டா நான் பதில் சொல்லணும். எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல." முறத்தைத் தட்டினாள். "நீ சொல்லியிருந்தா அவரு வெட்டிருப்பாரு. நான் நடந்துருப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியுது."

அழக்கூடாது என்று தர்ஷினி பல்லைக் கடித்துக்கொண்டாள். இங்கே வந்து அழுதால் எல்லையம்மாள்தான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

எல்லையம்மாளே முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "செயற்கைக் காலு வக்கிறாங்களாமே. தஞ்சாவூர்ல எங்க போய்ப் பாக்கணும்னு இவருக்கு ஒண்ணும் வெளங்கல. ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அளவெடுக்க, பொருத்திப் பார்க்க, உரசிப் புண்ணானதைச் சரிசெய்ய, தேய்ந்ததை மாற்ற என்று பல தடவை எல்லையம்மாளைப் பஸ்ஸில் அழைத்துப் போனாள். முதல் சில பயணங்களில் எல்லையம்மாள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் "உங்க பொண்ணாம்மா?" என்று கேட்டபோது எல்லையம்மாள் "இல்ல" என்றாள். புதுக்காலோடு முதன்முதலாக வரப்பில் ஏறிய நாளில், சேற்றில் இறங்க முடியாது என்பது அவளுக்குப் புரிந்தது. கரையில் நின்றபடியே, "ஏய், நடுவுல அடர்த்தியாப் போவுது பாரு" என்று நடவுப் பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவர்கள் சிரித்துக்கொண்டே தள்ளித் தள்ளி நட்டார்கள். தர்ஷினி திரும்பி நின்றுகொண்டாள்.

இப்போது அவள் மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். துளைக்கும் வேலையை விடவில்லை. எந்த வீட்டு மரத்தைத் துளைத்தாலும் உள்ளே இருப்பதை முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறாள். சிலருக்குக் கோபம் வருகிறது. சூத்தை என்று ஊரில் பரவினால் மரம் விலை போகாது என்று ஒருவர் அவளை விரட்டியே விட்டார்.

போன வருடம் வடக்கே அந்த ஆய்வகத்திலிருந்தே வேலைக்கு அழைப்பு வந்தது. எல்லையம்மாளிடம் சொன்னாள்.

"போயேன்" என்றாள் அவள். "நீ இங்க ஒக்காந்துருந்தா எனக்குக் காலு மொளைக்கப் போவுதா?"

"இல்ல அத்தை. நான் போகல."

எல்லையம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். "நீ இங்க வர்றது எனக்காகவா, ஒனக்காகவா?"

எனக்காக என்று ஒப்புக்கொண்டால் வருவதற்கே உரிமை இல்லாமல் போய்விடுமோ என்று தர்ஷினிக்குப் பயமாக இருந்தது. ஆனால் இந்த வீட்டில் இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியாது.

"எனக்காகத்தான்."

"அப்ப மாசத்துக்கு ஒருதரம் வா, போதும். வாரா வாரம் வராத. நீ வந்துட்டுப் போனா இவருக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்கமாட்டேங்குது."

அதன்படி மாதம் ஒருமுறை போகிறாள். அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் கலியபெருமாள் எழுந்து, "மேடம் வந்துருக்காங்க" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். அவர் வாய்க்கால் திருப்பத்தில் மறையும்வரை அவள் வாசலிலேயே நிற்பாள். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவாள்.